இரவில் மட்டும் கேட்ட 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம்

சென்னை நங்கநல்லூரில் நாங்கள் குடியிருப்பது 1990-களில் கட்டப்பட்ட, லிஃப்டும் ஜெனரேட்டரும் இல்லாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். மார்கழி பிறந்த சில நாட்களில் அதன் படுக்கையறையில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. தெருவில் வண்டி நடமாட்டம் ஓய்ந்து, மேல்வீட்டுத் தொலைக்காட்சியும் அடங்கிய பிறகு, தலையணையில் தலை வைத்தவுடன் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் நிற்கும் ஒலி அது. எழுந்து இரண்டடி எடுத்து வைத்து நின்று உற்றுக் கேட்டால் குறைந்துவிடும். படுத்தால் மீண்டும் வரும். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் நள்ளிரவிலும் விமானங்கள் இரைந்துகொண்டு போவது எங்களுக்குப் பழகிய ஒன்று. அந்த இரைச்சலில் தூங்கிவிடுகிற எனக்கு, அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்த ஒலியில் தூக்கம் வரவில்லை. விமானம் போய்விடும், இது போகாது. மற்ற மாதங்களில் முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியின் சத்தம் இதை மூடியிருக்கும்; மார்கழிக் குளிரில் விசிறியை நிறுத்திவிட்டுப் படுப்பதால்தான் வெளியே தெரிந்தது.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, ஒலி வெளியில் இருக்கிறதா, என் காதுக்குள் இருக்கிறதா என்பது. என் மனைவிக்கு அது கேட்கவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நீங்க பேசாம படுங்க" என்று திரும்பிப் படுத்துவிட்டார். காதிரைச்சல் உள்ளவர்கள் காதுகளை அடைத்துக்கொண்டால் அந்த இரைச்சல் கூடுதலாகத் தெரியும்; வெளியிலிருந்து வரும் ஒலியாக இருந்தால் குறையும். இதை விரலால் அடைத்துச் சோதிக்கக் கூடாது, ஏனென்றால் விரல் தசைகளின் நடுக்கமே ஓர் உறுமலாகக் காதில் விழும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான்களை வைத்துப் பார்த்தேன். ரீங்காரம் தெளிவாகக் குறைந்தது. அதற்குப் பிறகு கைபேசியில் ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஒரு செயலியை இறக்கி, கைபேசியைத் தலையணைமீது வைத்துப் பார்த்தபோது, 100 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 100 அதிர்வுகள்) ஊசிபோன்ற ஒரு கோடும், 200, 300 ஆகியவற்றில் அதைவிடக் குட்டையான கோடுகளும் நின்றன. காதுக்குள் இருக்கும் இரைச்சல் கைபேசியில் பதிவாகாது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: கைபேசியோடு வரும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலிகள் பேச்சைத் தெளிவாக்குவதற்காக, மாறாமல் நிற்கும் பின்னணி ஒலியைத் தாமாகவே வடிகட்டிவிடுகின்றன. நாம் தேடுவதே மாறாமல் நிற்கும் ஒலியைத்தான் என்பதால், அப்படி வடிகட்டாமல் ஒலிவாங்கியிலிருந்து நேரடியாக எடுக்கும் செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்பது எல்லோருக்கும் தோன்றும் வழிதான்; ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது பாதிச் சோதனையே. மெயினை அணைத்த உடனே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். அதன் டிரான்ஸ்ஃபார்மரே இரையும். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் ஓடுகிற விசிறியும் சேர்ந்து இரையும். ஆகவே இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சையும் அணைத்து, வீடு முழுவதும் ஒரு விளக்கும் எரியாத நிலையில் கேட்க வேண்டும். ஃபிரிட்ஜ், ஆர்.ஓ. எந்திரம், ஏ.சி. ஸ்டெபிலைசர், செட்டாப் பாக்ஸ், கொசுவிரட்டி எல்லாம் இப்படி ஒரே நேரத்தில் விலகிவிட்டன. ரீங்காரம் மட்டும் அப்படியே இருந்தது. இருட்டில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது என்றே சொல்லலாம். அதாவது, ஒலி எங்கள் வீட்டு மீட்டருக்கு இந்தப் பக்கத்தில் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் காதை வைத்துத் திசை தேடத் தொடங்குவார்கள். என் அனுபவத்தில் அது நேரத்தை வீணாக்கும் வேலை. இரண்டு காதுகளுக்கும் இடையில் உள்ள தூரம் ஓர் சாணுக்கும் குறைவு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 3.4 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை இரண்டு காதுகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தடைவதால், மூடிய அறைக்குள் அதன் திசையைப் பிரித்தறிய மூளைக்கு வழி குறைவு. திசையைவிட இரண்டு விவரங்கள் உறுதியானவை: ஒலியின் சுருதி என்ன, அது எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது.

சுருதியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள். மின்காந்தத்துக்கு வடதுருவம், தென்துருவம் என்ற பேதமில்லாமல் இரும்பை இழுக்கும் குணம் இருப்பதால், ஒரு சுற்றில் மின்னோட்டம் இந்தப் பக்கம் உச்சம் தொடும்போது ஒரு முறையும், அந்தப் பக்கம் உச்சம் தொடும்போது ஒரு முறையும் இழுக்கிறது. வினாடிக்கு 100 இழுப்புகள். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் காந்தத்தால் நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதும் இதே கணக்கில்தான். எனவே டிரான்ஸ்ஃபார்மர், சோக், காந்தச் சுருள் போன்ற அசையாப் பொருட்களின் அடிப்படைச் சுருதி 100. சுழலும் எந்திரமாக இருந்தால் கூடவே வேறொரு கோடும் தெரிய வேண்டும்: நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் தண்ணீர் மோட்டார் 48 ஹெர்ட்ஸிலும், 1,440 சுற்று ஓடுவது 24 ஹெர்ட்ஸிலும் ஓர் அதிர்வைக் காட்டும். மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சிறிய பம்பில் நிலைக்காந்தம் இருப்பதால் அது மின்சாரத்தோடு ஒட்டி 50 ஹெர்ட்ஸிலேயே ஆடும். எனக்குத் தெரிந்த கோடுகளில் 24, 48, 50 எதுவுமில்லை. கைபேசியின் ஒலிவாங்கி அந்தத் தாழ்ந்த பகுதியில் பலவீனமானது என்பதால் இதை மட்டும் நம்பிவிடாமல், முதல் மாடியில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் பம்பின் பிளக்கைக் கொஞ்ச நேரம் பிடுங்கி வைத்ததையும் பார்த்துவிட்டேன். எந்த மாற்றமும் இல்லை.

ஒலி மின்கட்டத்தோடு கட்டுண்டதா என்பதை இன்னும் உறுதியாக அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். சுருதிப்பெட்டிச் செயலியில் அதை ஒலிக்கவிட்டபோது, ரீங்காரம் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றது காதுக்கே தெரிந்தது. பிறகு தொனி உருவாக்கும் செயலி ஒன்றில் சரியாக 100 ஹெர்ட்ஸை வைத்து, புளூடூத் ஸ்பீக்கரில் மெல்லிய அளவில் ஒலிக்கவிட்டேன். (கைபேசியின் சொந்த ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது.) இரண்டு ஒலிகளும் கலந்து, பல வினாடிகளுக்கு ஒரு முறை மெதுவாகப் பெருகித் தணிந்தன. செயலியின் 100 மாறாதது. மின்கட்டத்தின் 50 என்பதோ நொடிக்கு நொடி 49.9-க்கும் 50.05-க்கும் இடையே லேசாக அசைந்துகொண்டிருப்பது. அந்தச் சிறு வித்தியாசம்தான் மெதுவான பெருக்கமும் தணிவுமாகக் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் அதன் வேகமும் மாறியிருக்கிறது. எங்கோ ஓடும் டீசல் எந்திரமோ காற்றில் அதிரும் குழாயோ இப்படி 100-ஐ விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்காது.

டெசிபல் அளவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். என் கைபேசி காட்டியது அதற்கு வெகு கீழே. ஆனால் அந்த வரம்பு, காதின் உணர்திறனுக்கு ஏற்பத் தாழ்ந்த சுருதிகளைக் குறைத்துக் கணக்கிடும் 'ஏ' எடையிட்ட டெசிபலில் சொல்லப்படுவது. அந்த எடையில் 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபல் கழிக்கப்படுகிறது. தாழ்ந்த சுருதியில் இரையும் ஒலிக்கு இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. கோடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதை மட்டுமே பார்த்தேன்.

படுத்தால் கேட்டு, எழுந்தால் மறையும் விந்தைக்கு அறையின் நீளம் காரணம். எங்கள் படுக்கையறை சுவருக்குச் சுவர் பதினோரு அடிக்குச் சற்று மேல். அதாவது 100 ஹெர்ட்ஸின் ஓர் அலைநீளத்துக்குச் சமம். இப்படி அமைந்த அறையில் ஒலி அங்குமிங்கும் எதிரொலித்து நிலை அலையாக நின்றுவிடும். இரு சுவர்களை ஒட்டியும், அறையின் நட்டநடுவிலும் அழுத்தம் உச்சமாகவும், சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், ஏறத்தாழ 85 சென்டிமீட்டரில், மிகக் குறைவாகவும் இருக்கும். கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டி இருந்தது: உச்சம். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுத்தேன். ஆறடிக் கட்டிலில் தலை இப்போது அறையின் நடுப்பகுதிக்கு வந்ததால் மறுபடியும் உச்சம். (வடக்கே தலை வைத்துப் படுக்கிறேன் என்று அம்மா வருத்தப்பட்டதுதான் மிச்சம்.) கட்டிலை அப்படியே மூன்றடிக்குச் சற்றுக் குறைவாகச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டதும் ஒலி பாதிக்கும் கீழே போய்விட்டது. எழுந்தவுடன் இரண்டடி எடுத்து வைத்து நின்று கேட்ட இடமும் அந்தக் கால் பங்குப் புள்ளிக்கு அருகில்தான். மூலத்தைக் கண்டுபிடிக்கும்வரை தூங்குவதற்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. இப்படி ஒரு தொல்லை இருப்பவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியதும் இதுதான்.

அறையில் நிற்கும் காற்றைக் கேட்டால் இப்படி ஏமாற்றும் என்பதால், சுவர்களையே கேட்க முடிவு செய்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துச் சுவரில் வைத்துக் காதைப் பொருத்தினாலே ஓரளவு தெரிகிறது. மருத்துவர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் அதைவிட நல்லது. மலிவான ஒன்றை வாங்கி, நான்கு சுவர்களிலும் தரையிலும் ஜன்னல் சட்டத்திலும் வைத்துப் பார்த்தேன். மூன்று சுவர்களில் மங்கலாகவும், மாடிப்படிப் பக்கத்துச் சுவரில் பளிச்சென்றும் கேட்டது. அது நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவர். பென்சிலால் ஓர் அடிக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டு வரிசையாக வைத்துக் கேட்டதில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மூலையை ஒட்டிய பகுதியில்தான் அதிகம்.

காதுக்குக் கேட்டதை எண்ணாகப் பார்க்க, மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் பத்து ரூபாய் அளவில் கிடைக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு ஒன்றை வாங்கினேன். பித்தளைத் தட்டின் நடுவில் வெள்ளிப் பூச்சிட்ட வெள்ளைப் பீங்கான் வில்லை இருக்கும். நடுப்பகுதியில் ஒரு கம்பி, பித்தளை விளிம்பில் இன்னொன்று. பீங்கானில் சால்டரிங் இரும்பை ஒரு நொடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்துவிடும் என்பதால் ஈயத்தைக் கம்பியிலேயே முதலில் ஏற்றிக்கொண்டு, தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். உலோக வலைக் கவசமுள்ள ஒயரில் அதைப் பழைய மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளைக்குக் கொண்டுபோய், வட்டை இரட்டைப்பக்க டேப்பால் சுவரில் ஒட்டினேன். இத்தகைய வட்டு சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து நேரடியாக மின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். அதைச் சுவரின் அதிர்வு என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தவறிவிடும். நல்லவேளையாக, கம்பிகளிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் முக்கியமாக 50-இலும் 150-இலும் இருக்கும், நாம் தேடுவது 100. மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிரித்து பேட்டரியில் ஓடவிட்டு, வட்டைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துப் பார்த்தேன்: 50-இல் இருந்த கோடு அப்படியே இருக்க, 100-இல் இருந்தது காணாமல் போனது. மறுபடி சுவரில் அழுத்தியதும் திரும்பி வந்தது. அதிர்வது சுவர்தான்.

அடுத்து நேரம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மாதிரி வேகத்தை வினாடிக்கு 8,000 என்று குறைத்து, ஒற்றைத் தடத்தில், 16 பிட்டில் வைத்தால் பன்னிரண்டு மணி நேரப் பதிவு எழுநூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நீண்ட பதிவுக்குச் சார்ஜர் தேவைதான். 50-இன் கோடு உயரும், நமக்கு அதில் கவலையில்லை. மாலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலைவரை ஓடவிட்டுப் பார்த்தபோது கிடைத்த படம், நான் நினைத்திருந்ததற்கு மாறாக இருந்தது. 100 ஹெர்ட்ஸ் கோடு நள்ளிரவில் தொடங்கவில்லை. மாலை 6:15-க்கு, இடைவெளி ஏதுமில்லாமல், வெட்டிவைத்த ஓரம்போலத் தொடங்கி, காலை 5:45-க்கு அதேபோல் சட்டென்று முடிந்தது. மாலையில் குக்கரும் தொலைக்காட்சியும் தெருவும் அதை மூடுகின்றன. காலையில் மோட்டார் போடும் நேரத்தில் அது நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தியில் தொடங்கி விடியலில் நிற்பவை என்று பார்த்தால் தெருவிளக்குகள், குடியிருப்பின் பொது விளக்குகள் இரண்டும்தான். தெருமுனை மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரும் 100-இல்தான் இரைகிறது; ஆனால் அது நாள் முழுவதும் மின்னூட்டத்தில் இருப்பது, பகலிலும் பதிவாகியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே, எல்லா வீட்டு மீட்டர்களும், மோட்டார் ஸ்டார்ட்டரும், பொது விளக்குப் பெட்டியும் ஒரே மரப்பலகையில் மாட்டப்பட்டிருக்கின்றன. இரவில் போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், பலகை முழுவதும் ஒரே சீராக அதிர்வதால் மீட்டரா, ஸ்டார்ட்டரா, பெட்டியா என்று பிரிக்க முடியவில்லை. பொதுப் பெட்டியைப் பூட்டியிருந்தார்கள். மின்னோட்டத்தில் இருக்கும் பெட்டியை நள்ளிரவில் தனியாகத் திறக்கும் எண்ணமும் எனக்கில்லை. சங்கச் செயலாளரிடம் சொன்னபோது, "பேனலா? அது பாட்டுக்கு இருக்கு சார், ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லையே" என்றார். அவர் வீடு இரண்டாம் மாடியில். பெட்டியைத் திறக்க அவரை ஒப்புக்கொள்ள வைக்க இன்னும் வலுவான ஒரு சான்று வேண்டியிருந்தது.

அதை மின்வாரியமே கொடுத்தது. எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை அறிவித்திருந்தார்கள். அன்று மாலை தெருவிளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. ஆனால் எங்கள் மாடிப்படி இருட்டாகவே இருந்தது. மடிக்கணினித் திரையில் 100 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரவு 11:15-க்கு, வாசல் கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் கண்ணாடியில் படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் விழுந்ததும், திரையில் கோடு எழுந்ததும் ஒரே கணத்தில் நடந்தன. மின்தடை ஐந்து மணி நேரம்; தாமதமும் ஐந்து மணி நேரம். பொது விளக்குகளைப் போட்டு நிறுத்தும் டைமர், மின்சாரம் இல்லாத நேரம் முழுவதும் ஓடாமல் நின்றிருக்கிறது. மறுநாள் காலை பத்தே முக்கால் வரை வெயிலில் படிக்கட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒலியின் மூலத்தை அது இரையும்போது தேடுவதைவிட, அது நிற்கும்போது வேறு எது நின்றது என்று பார்ப்பது பலன் தரும். கனடாவின் வின்ட்சர் நகரத்து மக்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்த ரீங்காரம்கூட, ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் ஜக் தீவிலிருந்த எஃகு ஆலையின் வேலை 2020-இல் நிறுத்தப்பட்ட பிறகே ஓய்ந்தது.

செயலாளர் எலக்ட்ரீஷியனை அழைத்தார். இந்தக் கட்டடத்துக்குத் தொடக்கம் முதல் வேலை பார்த்துவரும் பெரியவர் அவர். பெட்டியில் 'ஆட்டோ', 'மேனுவல்' என்று ஒரு தேர்வு சுவிட்ச் இருந்ததால் இரவுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பகலிலேயே அவர் மேனுவலில் போட, 'டக்' என்ற ஓசையோடு, விளக்குகளுக்கு மின்சாரத்தை விடும் மின்காந்த சுவிட்சான கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு இரையத் தொடங்கியது. வீட்டுக்குள்ளே சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி நின்றிருந்த என் மனைவி, "இப்ப வருது... ஆமா, இதையா இத்தனை நாளா கேட்டுட்டிருந்தீங்க?" என்று போனில் சொன்னார். செயலாளரும் ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் கான்டாக்டரின் அசையும் பகுதியை டெஸ்டரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாக அழுத்தினார், ரீங்காரம் நின்றது. விட்டார், வந்தது. "அமுக்கினா அடங்குது பாருங்க சார். முகம் சரியா உட்காரல." (மின்னோட்டம் உள்ள பெட்டியில் இதைச் செய்ய அவரைப் போல் கைப்பழக்கம் வேண்டும், மற்றவர்கள் முயல வேண்டாம்.)

அந்த ஒரு செய்கை ஏன் அவ்வளவு சொல்கிறது என்பதற்குக் கான்டாக்டரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள்ளே 'ஈ' வடிவத்தில் அடுக்கிய இரும்புத் தகடுகள் இரண்டு தொகுதிகள் உண்டு. ஒன்று சுருளுக்குள் நிலையாக இருக்கும். மற்றொன்று ஸ்பிரிங்கின் மேல் அசையும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அசையும் தொகுதி கீழே இழுக்கப்பட்டு, அதோடு சேர்ந்த தொடுமுனைகள் விளக்குகளுக்கு மின்சாரத்தை விடுகின்றன. மாறுமின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூச்சியத்தைக் கடப்பதால், ஒவ்வொரு முறையும் இழுப்பு இல்லாமல் போய் ஸ்பிரிங் தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இரும்பு முகத்தின் ஓரத்தில் ஒரு சிறிய செம்பு வளையத்தைப் பதித்திருக்கிறார்கள். வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம், அந்தப் பகுதியின் காந்தப்புலத்தைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. முகத்தின் ஒரு பகுதி ஓயும்போது வளையத்துக்குள் இருக்கும் பகுதி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வளையம் விரிசல் விட்டாலோ, இரண்டு முகங்களுக்கும் நடுவே துருவோ தூசியோ சேர்ந்து மெல்லிய இடைவெளி விழுந்தாலோ, பிடி தளர்ந்து, அசையும் தொகுதி வினாடிக்கு 100 முறை நடுங்கும்.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு கழற்றியபோது தூசி, துரு இரண்டுமே இருந்தன. தீபாவளிக்கு முன்பு கட்டடத்துக்கு வண்ணமடித்தபோது, சுவரைத் தேய்த்த புட்டித் தூள் பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே இறங்கி, இரும்பு முகத்தில் வெண்மையாகப் படிந்திருந்தது. அதற்கடியில் பழுப்பாகத் துரு. நடுவில் நசுங்கிச் செத்த எறும்புகள். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து எடுத்தார். அரமோ உப்புத்தாளோ போடக் கூடாது, ஏனென்றால் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு இழைக்கப்பட்டவை, தேய்த்தால் அந்தப் பொருத்தம் போய்விடும். எண்ணெயும் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கில் முகங்கள் ஒட்டிக்கொண்டு, மின்சாரம் நின்ற பிறகும் கான்டாக்டர் விடாது. துடைத்து மாட்டியதும் என் பதிவில் கோடு 8 டெசிபல் அளவுக்குக் குறைந்தது. கேட்டது, ஆனால் மங்கலாக. மறுபடி கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான், ஒரு செம்பு வளையத்தின் மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தது. வளையத்தை மட்டும் மாற்ற இயலாது. "ட்யூப்லைட் காலத்துல போட்டது சார், அதுக்கும் வயசாகுமில்ல" என்றார் பெரியவர்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. பழைய குழல்விளக்குகளும் அவற்றின் சோக்குகளும் போய், இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டன, மொத்தச் சுமை இரண்டு ஆம்பியருக்குள். டைமருக்குள் இருக்கும் ரிலே என்ற சிறு மின்காந்த சுவிட்சே இதைத் தாங்குமே, கான்டாக்டரை எடுத்துவிட்டால் என்ன என்றார் செயலாளர். எல்.இ.டி. விளக்குகள் ஓடும்போது குறைவாகத்தான் எடுக்கும்; ஆனால் போட்ட அந்தக் கணத்தில், அவற்றுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் நிறைவதற்காக, ஓடும் அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே இழுப்பில் இழுக்கும். அத்தனை விளக்குகளும் ஒன்றாக எரியும்போது ரிலேயின் தொடுமுனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே கான்டாக்டர் இருக்கட்டும், புதிதாகப் போடுவோம் என்று முடிவானது. ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது.

புதியதும் ஓரளவு இரையத்தான் செய்யும். மாறுமின்னோட்டக் கான்டாக்டர் எதுவும் முழு மௌனமாக இருப்பதில்லை. பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் தெரியாது, ஆனால் வீணைக்குக் குடம்போல அந்த மரப்பலகையும் மெல்லிய சுவரும் சின்ன நடுக்கத்தையும் வாங்கிப் பெரிதாக்கித் தருவதுதான் பிரச்சினை. எனவே பொது விளக்குப் பெட்டியை மட்டும் தனியாக ஒரு சிறு பலகைக்கு மாற்றி, அதற்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் நடுவே தடித்த ரப்பர் வில்லைகளை வைக்கச் சொன்னேன். வில்லை வைத்தால் மட்டும் போதாது. பலகையைத் துளைத்துத் தூணுக்குள் போகும் திருகாணியே அதிர்வை நேராகக் கொண்டுபோய்விடும். திருகாணித் துளையைப் பெரிதாக்கி, உள்ளே ரப்பர் புஷ் நுழைத்து, தலைக்கடியிலும் ஒரு ரப்பர் வாஷர் வைத்து, நசுங்கிவிடாத அளவுக்கு மட்டும் முடுக்கினார் பெரியவர். மீட்டர்களுக்கு மின்வாரியத்தின் முத்திரை இருப்பதால் பழைய பலகையைத் தொடவில்லை. பெட்டியுள்ள சிறு பலகையை மூலையிலிருந்து தள்ளி, படிக்கட்டின் கான்கிரீட் தூணில் மாட்டினோம். அன்றிரவு பதிவில் 100 ஹெர்ட்ஸ் கோடு, தொடக்கத்தில் இருந்ததைவிட 20 டெசிபலுக்கு மேல் தாழ்ந்து, அறையின் பொது இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன்.

டைமருக்குள் இருந்த சேமிப்பு பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்தடையின்போது கடிகாரம் நின்றது அதனால்தான். அதையும் மாற்றிவிட்டதால் இனி பராமரிப்பு நாட்களுக்குப் பிறகு யாரும் முள்ளைத் திருப்பிவைக்க வேண்டியதில்லை. மோட்டார் ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் இன்னும் பழைய பலகையில்தான் இருக்கிறது. அது காலையில் அரைமணி நேரம் மட்டுமே ஓடுவதால், அடுத்த முறை மோட்டாரைக் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.